கிழக்கு பார்த்த பெருக்கான்

வெள்ளைப் புழுதி நிறைந்த குழிக்குள் பெருக்கான் சுற்றிக்கொண்டே இருந்தது.

செக்கு மாடாவது ஒரு தடம் பிடித்துச் சுற்றும். இது நின்ற இடத்திலேயே, தன் வாலைப் பிடிக்கப் போன நாய்க்குட்டி மாதிரி சுற்றியது. சக்கரம் கிளப்பிய புழுதி எழுந்து கண்ணாடித் தடுப்பில் மாவாகப் படிந்தது. தகரக் கூரை போட்ட அந்தப் பெரிய கூடத்தில் அத்தனை பேர் இருந்தும் மோட்டார் சத்தம் மட்டும்தான் கேட்டது.

தடுப்புக்கு இந்தப் பக்கம் என் மகள் யாழினி நின்றிருந்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள். ஓட்டம் தொடங்கிவிட்டால் யார் கையும் எதன்மேலும் படக்கூடாது. எந்திரம் தானாகப் பார்க்க வேண்டும், தானாகப் போக வேண்டும், தானாகத் தோண்டி, மண்ணைச் சுமந்து வந்து தொட்டியில் கொட்ட வேண்டும்.

எங்கள் பெருக்கான் தானாகச் சுற்றியது. வேறொன்றும் செய்யவில்லை.

மணி அடித்தார்கள். தொட்டியில் ஒரு பிடி மண் கூட இல்லை.

சாமிகளா, அயோத்தியாப்பட்டணத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் கொஞ்ச நாள் முன்னால் நடந்தது இது. இந்தத் தொடரில் நான் ரிக் லாரியோடு ஊர் ஊராகப் போய்ப் போர்க்கிணறு போட்ட கதைகளையே எழுதி வருகிறேன். ராசிபுரத்திலிருந்து நாலாவது படிக்கிற ஒரு வாசகி, “எல்லாம் பழைய கதையாவே சொல்றீங்களே, உங்களுக்குப் புதுசா ஒண்ணுமே நடக்கறதில்லீங்களா?” என்று கேட்டுவிட்டாள். நடந்தது அம்மிணி. கேள்.

நிலாவில் எத்தனை அடி?

பெருக்கான் என்றால் எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் பெருச்சாளி. ராத்திரியோடு ராத்திரியாக மண்ணைத் தோண்டிக் குவித்துவிட்டுப் போகுமே, அதேதான். யாழினியும் அவள் கூட்டாளிகளும் செய்த எந்திரத்துக்கு அந்தப் பெயர் பொருத்தமாக இருந்தது. அடுப்பங்கரை மேசை அளவு உடம்பு, நாலு சக்கரம், முன்னால் ஒரு கேமராக் கண், வயிற்றுக்குக் கீழே மண்ணை அள்ளும் சங்கிலி.

பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்கான போட்டி அது. என்றைக்காவது மனுசன் நிலாவில் போய்க் குடியிருந்தால் அங்கே மண்ணைத் தோண்ட வேண்டியிருக்கும். மண்வெட்டியோடு ஆளை அனுப்ப முடியாது. எந்திரம்தான் போக வேண்டும். “இப்படிப் போ, அப்படி வா” என்று ஒருவன் எந்நேரமும் இங்கிருந்து சொல்லிக்கொண்டிருக்கவும் முடியாது. ஆகவே சொந்தப் புத்தியில் தோண்டுகிற எந்திரம் செய்யுங்கள் என்பது போட்டி.

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். மகள் விளக்கியதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். ஆனாலும் முப்பது வருசமாகப் பூமியைத் துளைத்தவன் ஒரு கேள்வி கேட்காமல் இருப்பானா?

“நெலாவுல தண்ணி இருக்குதா அம்மிணி?”

“ஐஸா இருக்குதாமுங்கப்பா. வெயிலே படாத குழிக்குள்ள.”

“எத்தன அடியில?”

“நீங்க பாயிண்ட் பாக்கப் போக வேண்டாமுங்க” என்று சிரித்தாள். பாயிண்ட் பார்ப்பது என்றால் போர் எங்கே போடலாம் என்று இடம் குறிப்பது. தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடப்பார்களே, பார்த்திருப்பீர்கள்.

குழுவில் இன்னும் பிள்ளைகள் இருந்தார்கள். எல்லார் பெயரையும் சொன்னால் உங்களுக்குக் குழம்பிவிடும். ஒருவனை மட்டும் நினைவில் வையுங்கள். தங்கராசு, குமாரபாளையத்துக்காரன், நெசவுக் குடும்பம். குழுவுக்குத் தலைவன், இரும்பு வேலை முழுக்க அவனுடையது. தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் மெதுவாகப் பேசவே வராது. பக்கத்தில் நின்று பேசினாலும் தெருக்கோடிக்குக் கேட்கும்.

யாழினி வேலை எந்திரத்தின் புத்தி. எப்படிப் பார்ப்பது, எங்கே திரும்புவது என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் வரி வரியாக எழுதிச் சேர்த்தாள். ஒரு வருசமாக அதுதான் வேலை.

இதில்தான் இரண்டு பேருக்கும் வழக்கு. போட்டியில் ரிமோட்டில் ஓட்டவும் அனுமதி உண்டு. மதிப்பெண் குறைவு, ஆனால் நிச்சயம். தங்கராசுக்கு ரிமோட் போதும் என்று எண்ணம். யாழினி ஒத்துக்கொள்ளவில்லை. ரிமோட்டில் ஓட்டினால் அது பொம்மைக் கார் என்றாள். கடைசியில் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு ஓட்டம் தருவார்கள். முதல் ஓட்டம் யாழினி இஷ்டப்படி, கை படாமல். அது சரிவராவிட்டால் இரண்டாவது ஓட்டம் ரிமோட். அவளுடைய ஒரு வருச வேலையை அப்போது சுவிட்சைப் போட்டு அணைத்துவிடுவார்கள்.

“சரி” என்று கையடித்துக் கொடுத்தாள். அந்த நம்பிக்கையைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

கல்யாணமா என்றார் கடைக்காரர்

மண்ணை அள்ளும் சங்கிலியில் வரிசையாகச் சின்னச் சின்ன வாளிகள் வேண்டும். தகரத்தை வளைத்துப் பார்த்தார்கள், நசுங்கிப் போனது. பிளாஸ்டிக் கிண்ணம் வைத்தார்கள், கல் பட்டதும் பிளந்துவிட்டது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த யாழினி குழம்புக் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் பார்த்தால் அந்தக் கரண்டி காம்பில்லாமல் சங்கிலியில் தொங்குகிறது. அவள் அம்மா இரண்டு நாள் டம்ளரில் குழம்பு ஊற்றினாள். வேண்டுமென்றேதான் ஊற்றினாள்.

அதனால் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனோம். ஆட்டோவும் தள்ளுவண்டியும் இடித்துக்கொள்கிற சந்துக்குள் ஒரு மொத்த விலைப் பாத்திரக் கடை. நல்ல கனமான கரண்டியாக ஒரு டஜன் கேட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், பக்கத்தில் நிற்கிற மகளைப் பார்த்தார், முகமெல்லாம் மலர்ந்து, “பொண்ணுக்குக் கல்யாணமா?” என்றார்.

“இல்லீங்க, நெலாவுல மண்ணள்ள” என்றாள் யாழினி.

அவர் ஒரு நிமிசம் யோசித்தார். “அப்ப கெட்டித் தகடா எடுத்துக்குங்க” என்று உள்ளே போய் வேறு கரண்டி கொண்டுவந்தார். அவர் கொடுத்தது கடைசிவரை நெளியவே இல்லை. திரும்புகிற வழியில் ஆளுக்கு ஒரு தட்டுவடை செட் தின்றோம். பீட்ரூட் துருவலோடு சட்னி மூக்கில் ஏறி இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். அதோடு சிரிப்பு வேறு.

ரிக் புழுதியும் ஒரு சாக்கட்டி அம்பும்

நிலா மண் எப்படி இருக்கும் என்று கேட்டேன். பவுடர் மாதிரி நைசாக, ஆனால் கண்ணாடித் தூள் மாதிரி அறுக்கும் என்றாள் யாழினி. எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருசமாக என் காதுக்குள்ளும் கண் இமையிலும் உட்கார்ந்திருப்பது வேறென்ன? போர் போடும்போது தண்ணீர் வரும்வரை கம்ப்ரசர் காற்று பாறையை மாவாக்கி வெளியே ஊதும். வெள்ளையாக, சுட்ட கல் வாசனையோடு பறக்கும். எங்கள் நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிக் கல்லுக்கும் நிலாக் கல்லுக்கும் ஒரே குணம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் வந்து அள்ளிப் போனதும் உண்டு.

தெரிந்த ரிக் வண்டிக்காரர்களிடம் சொல்லிவைத்தேன். போர் போட்ட இடத்துப் புழுதி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. என் பட்டறைக்குப் பின்னால் குழி வெட்டிக் கொட்டினோம். வேலி மேல் உட்கார்ந்த காக்கைகூட வெள்ளையாகப் பறந்து போனது.

முதன்முதலாகப் பெருக்கானைக் குழியில் இறக்கிய அன்றைக்குப் பூஜை போட்டோம். ரிக் எதுவானாலும் துளையிடும் முதல் ராடை இறக்கும் முன் அதைக் கிழக்கு பார்த்து நிறுத்துவது எங்கள் வழக்கம். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம், தேங்காய், சூடம். பெருக்கானுக்கும் அப்படியே செய்தேன். எலுமிச்சம்பழத்தை ஏறி நசுக்க அதற்குக் கனம் போதவில்லை, தங்கராசு மேலே கை வைத்து அழுத்தினான். எந்திரம் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று கரையில் சாக்கட்டியால் ஒரு அம்புக்குறியும் போட்டேன்.

இந்தக் கிழக்கு விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கதை உண்டு. கர்நாடகத்தில் ஒரு தென்னந்தோப்பில் போர் போடப் போனோம். வண்டி உள்ளே போனதே பெரிய பாடு, நின்றதோ தெற்கு பார்த்து. எங்கள் டிரைவர் திருப்பாமல் ராடு இறக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். ஒரு காலைப் பொழுது பூராவும் முன்னால் ஒரு அடி, பின்னால் ஒரு அடி. தோப்புக்காரர் வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். கடைசியில் வண்டி கிழக்கே திரும்பி நின்றதும் எழுந்து வந்து, தண்ணீர் கிழக்கிலிருந்தா வரப்போகிறது, கீழேயிருந்துதானே என்று அவர் பாஷையில் கேட்டார். சிரித்துவிட்டு ராடை இறக்கினோம். தண்ணீர் வந்தது. ஆகவே அந்தக் கேள்வியை யாரும் அதற்குமேல் யோசிக்கவும் இல்லை.

பெருக்கான் தான் எங்கே இருக்கிறோம் என்பதை ஒரு பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகை. சுவரில் மாட்டியிருப்பார்கள். அது கண்ணில் பட்டதும், ஓகோ இங்கே நிற்கிறேன், இந்தப் பக்கம் போக வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்பும். எங்கள் குழியில் அந்தப் பலகை கிழக்குச் சுவரில். எந்திரம் கிழக்கு பார்த்து நிற்பதால் அங்கேதானே மாட்டுவோம்!

தினமும் காலையில் இறக்குவோம். பார்க்கும், போகும், தோண்டும், கொட்டும். ஒரு நாளும் தப்பியதில்லை.

வாலைப் பிடித்துத் திருப்பியவர் யார்?

இப்போது முதல் ஓட்டத்துக்கு வாருங்கள். போட்டியில் எந்திரம் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் சொல்வார்கள். எங்களுக்கு வந்த சீட்டுப்படி பலகைக்கு முதுகைக் காட்டி நிறுத்தினார்கள். யாழினி கவலைப்படவில்லை. பலகை கண்ணில் படாவிட்டால் சுற்றித் தேடு என்று ஒரு வரி எழுதித்தான் வைத்திருந்தாள்.

சுற்றியது. நீங்கள்தான் பார்த்தீர்களே.

பெருக்கானைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். என் குட்டி யானை வண்டி புங்க மரத்தடியில் நின்றது. அதில்தான் எந்திரத்தை ஏற்றி வந்திருந்தேன். யாழினி கேமராவைத் துடைத்தாள், ஒயரைப் பிடுங்கி மாட்டினாள். எங்களிடமிருந்த பலகையைத் தங்கராசு வண்டிக் கதவில் மாட்டினான். நானும் அவனும் எந்திரத்தைக் கீழே வைத்ததும் யாழினி சுவிட்சைப் போட்டாள். அம்பு விட்ட மாதிரி நேராகப் பலகையை நோக்கிப் போனது. மறுபடி வைத்தோம். மறுபடியும் அதே.

நோயாளி டாக்டர் முன்னால் மட்டும் தெம்பாக இருப்பானே, அப்படி.

“கோளாறு எங்கீன்னே தெரியாம எதச் சரி பண்றது?” தங்கராசின் குரல் வழக்கம்போல அந்த வளாகத்துக்கே கேட்டது. “ரிமோட்ட எடுக்கறேன் யாழினி. பேச்சுப் பேச்சா இருக்கோணும்.”

“கூப்பிடற வரைக்கும் டைம் குடு” என்றாள். கெஞ்சவில்லை. ஆனால் அவள் கண்ணில் ஈரம் வந்துவிட்டதை நான் பார்த்தேன்.

நானும் தங்கராசும் பெருக்கானை இன்னொரு முறை தூக்கி வந்து வைத்தோம். யாழினி சுவிட்சுக்குக் குனிந்தவள், பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்கப்பா திருப்புனீங்க?”

“எதைச் சாமி?”

“இப்பத்தான். தங்கராசு ரோட்டப் பாத்து வெச்சான். நீங்க வாலப் புடிச்சு இந்தப் பக்கம் திருப்பி வெச்சீங்க.”

நான் என் கையைப் பார்த்தேன். பெருக்கானின் வால் பக்கத்துக் குழாயை அது இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.

“கெழக்க பாத்து வெக்கோணுமல்லொ” என்றேன்.

யாழினி வண்டிக் கதவில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்தாள். அதுவும் கிழக்கே. மாட்டியது தங்கராசு. அவனைப் பார்த்தாள்.

“தங்கராசு, நம்ம குழியில என்னிக்காச்சும் இத வேற பக்கம் பாத்து வெச்சு ஓட்டியிருக்கறமா?”

அவன் முதல் தடவையாக மெதுவாகப் பேசினான். “அப்பா அம்புக்குறி போட்டிருந்தாங்கல்ல...”

அவள் எந்திரத்தை அப்படியே முழுசாகத் திருப்பி, பலகைக்கு முதுகு காட்டி வைத்து, சுவிட்சைப் போட்டாள். பெருக்கான் நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றத் தொடங்கியது.

அதைப் பார்த்து ஒரு பெண் அவ்வளவு சந்தோசப்படுவாள் என்று நான் நினைக்கவில்லை. தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சிரித்தாள். கோளாறு கையில் சிக்கிவிட்டது!

திருவிழாவில் தொலைந்தவர்

விஷயம் இதுதான். தேடு என்ற அந்த ஒரு வரிக்கு எங்கள் பட்டறையில் வேலையே வந்ததில்லை. எழுதினாள், தூங்கிக்கொண்டிருந்தது. அது தேடும் வேகம் அதிகம். பஸ்ஸில் வேகமாகப் போகும்போது பக்கத்தில் ஓடுகிற மைல் கல்லைப் படிக்க முடியுமா? எழுத்தெல்லாம் கோடாக இழுபடும். பெருக்கானுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு சுற்றிலும் பலகை கண்ணுக்கு முன்னால்தான் போனது. பலகை என்று தெரியவில்லை.

“மெதுவாச் சுத்தச் சொல்லு” என்றான் தங்கராசு.

“மெதுவாச் சுத்துனாப் பத்தாது. நிக்கோணும்” என்றாள். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு டயரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தட்டிக்கொண்டே என்னிடம் கேட்டாள். “தேர்ல தொலஞ்சமே, ஞாபகம் இருக்குதுங்களா?”

இல்லாமலா? அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது திருச்செங்கோட்டுத் தேர் கூட்டத்தில் கையை விட்டுவிட்டாள். நான் பைத்தியம் பிடித்தவன் மாதிரி நாலு வீதியும் ஓடினேன். எத்தனையோ முகம் பார்த்தேன், ஒன்றும் கண்ணில் நிற்கவில்லை. இவள் ஒரு பொரிக்கடைப் படியில் ஏறி நின்று, ஒவ்வொரு பக்கமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறாள். என் பச்சைத் துண்டு தெரிந்ததும் இறங்கி வந்து பிடித்துக்கொண்டாள். தொலைந்தது அவள் என்று ஊரெல்லாம் சொன்னோம். தேடிக் கண்டுபிடித்ததும் அவள்தான்.

கொஞ்சம் திரும்பு, நில், பார். மறுபடி கொஞ்சம் திரும்பு, நில், பார். அவ்வளவுதான் அவள் மாற்றி எழுதியது. சுவிட்சைப் போட்டாள். ரோட்டைப் பார்த்து வைத்தோம், மரத்தைப் பார்த்து வைத்தோம். எப்படி வைத்தாலும் பெருக்கான் திரும்பி நின்று, பார்த்து, பலகைக்குப் போய்ச் சேர்ந்தது.

அதற்குள் எங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நடுவர் ஒரு அம்மாள். மேசையில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு குழுவிடமும் கேட்பார். “ரிமோட்டா, தானாகவா?” தலைவன்தான் பதில் சொல்ல வேண்டும். ரிமோட் தங்கராசு கையில் இருந்தது. ஒப்பந்தப்படி அவன் சொல்வதே முடிவு. யாழினி அவனைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்தாள்.

தங்கராசு ரிமோட்டைத் திருப்பி, மூடியைத் திறந்து, பேட்டரியைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டான்.

“தானாத்தாங்க மேடம்.”

அது எப்படியும் கூடத்தின் கடைசி வரிசைக்குக் கேட்டிருக்கும்.

சீட்டை எடுத்தார்கள். மறுபடியும் பலகைக்கு முதுகு. யாழினி முன்போலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இந்த முறை நானும் கட்டிக்கொண்டேன். என் கைகளை நம்ப முடியாது.

மணி அடித்தது. பெருக்கான் கொஞ்சம் திரும்பியது. நின்றது. கொஞ்சம் திரும்பியது. நின்றது. யாரோ பின்னால், “மக்கர் பண்ணுது போல” என்றார்கள். இன்னும் கொஞ்சம் திரும்பியது. நின்றது. இந்த முறை நின்றது நின்றபடியே இருந்தது.

பிறகு நேராகக் கிளம்பியது சாமிகளா!

கல்லைச் சுற்றிக்கொண்டு போனது. சரிவில் இறங்கியது. போய்ச் சேர்ந்ததும் வயிற்றை இறக்கிச் சங்கிலியைச் சுழற்றியது. செவ்வாய்ப்பேட்டைக் கரண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதிக்குள் முழுகி, நிறைய அள்ளிக்கொண்டு மேலே வந்தன. பந்தியில் சுறுசுறுப்பான ஆள் பரிமாறுகிற மாதிரி. திரும்பி வந்தது, தொட்டியைக் கண்டுபிடித்தது, கொட்டியது. மண் விழுந்த அந்தச் சத்தம் போர்க்குழாயில் முதல் தண்ணீர் பீய்ச்சுகிற சத்தத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. கூடமே கை தட்டியது. தங்கராசு விசிலடித்தான். பெருக்கான் யாரையும் கண்டுகொள்ளாமல் அடுத்த நடைக்குக் கிளம்பியது.

முதல் பரிசு கோயமுத்தூர்ப் பிள்ளைகளுக்கு. எங்களைவிட நிறைய அள்ளினார்கள், நியாயம்தான். கை படாமல் ஓடியதற்கென்று தனியாக ஒரு கேடயம் வைத்திருந்தார்கள், அது எங்களுக்கு. தங்கராசும் யாழினியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, யார் வைத்துக்கொள்வது என்று ஊர் வரும்வரை வழக்காடினார்கள். பேட்டரி இன்னும் என் பையில்தான் கிடந்தது.

மறுநாள் காலையில் பெருக்கானைப் பட்டறையில் இறக்கினோம். நான் போட்டிருந்த சாக்கட்டி அம்பை யாழினி அழிக்கவில்லை. அதைச் சுற்றி எல்லாத் திசைக்கும் அம்பு போட்டு வைத்திருந்தாள். சின்னப் பிள்ளை வரைந்த சூரியன் மாதிரி இருந்தது.

“எந்தப் பக்கம் பாத்து வெக்கட்டும் அம்மிணி?”

“கண்ண மூடிட்டு வெய்யுங்கப்பா. எப்படி வருதோ அப்படி.”

கண்ணை இறுக மூடிக்கொண்டு தூக்கினேன். இரண்டு சுற்றுச் சுற்றினேன். வைத்தேன். கண்ணைத் திறந்தேன்.

கிழக்கு.

யாழினி குனிந்து வாலைப் பிடித்து, மேற்கே திருப்பி வைத்து, சுவிட்சைப் போட்டாள்.